சேலத்திலிருந்து சிவனொளிபாதமலை: ஏறப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். நாள் முழுவதும் சம்மணம் போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை. அப்படிப்பட்ட ஆள் இலங்கையில் 2,243 மீட்டர் மலையை மூன்று முறை ஏறிவந்தான் என்றால், பார்க்கிறவர்கள் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள். ஒரே பதிலை டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் தொலைபேசியிலும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன். அவசரத்தில் இருப்பவர்கள் இறக்கத்தைப் பற்றிய கேள்வியை மட்டுமாவது படித்துவிடுங்கள். மற்றதையெல்லாம் போகிற வழியில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அதை மட்டும் இங்கேயே பழகிக்கொண்டு போக வேண்டும்.

இது எந்த மலை? ஆளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்களே?

எல்லாம் ஒரே மலைதான். உச்சியில் ஒரு பாறை, அதில் பாதம் போன்ற ஒரு பள்ளம். சிவனுடைய பாதம் என்று நாம் சிவனொளிபாதமலை என்கிறோம். புத்தருடைய பாதம் என்று சிங்களவர் ஸ்ரீபாத என்கிறார்கள். ஆதி மனிதர் ஆதம் இறங்கிய இடம் என்று முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கிறார்கள். ஆங்கிலேயர் வரைபடத்தில் அது ஆதாம் சிகரம் ஆயிற்று. சமனல கந்த என்றும் ஒரு சிங்களப் பெயர் உண்டு. வண்ணத்துப்பூச்சி மலை என்று அர்த்தம். பெயருக்காக யாரும் அங்கே சண்டை போட்டு நான் பார்த்ததில்லை. பின்னிரவு மூன்று மணிக்குப் படியேறுகிறவனுக்குச் சண்டை போட மூச்சு ஏது?

எவ்வளவு கடினம்? நான் பழனி ஏறியிருக்கிறேன், ஏற்காடு ஏறியிருக்கிறேன்.

பழனி யானைப்பாதையா, படிப்பாதையா? படிப்பாதை என்றால் கணக்குச் சொல்வது எளிது. பழனியில் 693 படி. நல்லதண்ணி என்ற ஊரிலிருந்து சிவனொளிபாதமலை உச்சிவரை ஐந்தாயிரத்துக்கும் மேல். ஏழு பழனியை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, இரவில், குளிரில் ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டோடு ஒப்பிட்டால் இன்னும் நன்றாகப் புரியும். அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஊருக்குள் போய்ச்சேர நாம் ஏறுகிற உயரம் ஆயிரம் மீட்டருக்குச் சற்று மேல். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கும் ஏறக்குறைய அதே ஆயிரம் மீட்டர்தான். ஆனால் நம் மலைப்பாதை அந்த உயரத்தை இருபது கொண்டை ஊசி வளைவு போட்டு, கிட்டத்தட்ட இருபது கிலோமீட்டரில் பரப்பி வைத்திருக்கிறது. அங்கே அது ஆறேழு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. வளைவு கிடையாது, சுற்றிப் போவது கிடையாது. முதல் ஒரு மணி நேரம் தேயிலைத் தோட்டத்தின் ஓரமாகச் சாதுவாகப் போகும். பிறகு படி, அதன் பிறகு செங்குத்தான படி. கடைசி அரை மணி நேரத்தில் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

படிகள் ஒரே உயரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒன்று அரையடி, அடுத்தது முழங்கால் உயரம், அதற்கடுத்தது தேய்ந்துபோன சரிவு. கால் ஒரு தாளத்தைப் பிடிப்பதற்குள் படி அதைக் கலைத்துவிடும். பர்வதமலையின் கடப்பாறைப் படியையும் சங்கிலியையும் பார்த்தவர்களுக்குச் சிவனொளிபாதமலை பயம் தராது. இங்கே விழுந்துவிடுவோமோ என்ற அச்சம் குறைவு; முடியவே மாட்டேன் என்கிறதே என்ற அலுப்புதான் அதிகம்.

எந்த மாதத்தில் போக வேண்டும்?

டிசம்பர் பௌர்ணமியில் சீசன் தொடங்கி, மே மாதம் வைகாசிப் பௌர்ணமியில், அவர்கள் வெசாக் என்கிற நாளில் முடியும். இந்த மாதங்களில் வழி நெடுக விளக்கு எரியும், கடைகள் திறந்திருக்கும், ஆள் நடமாட்டம் இருக்கும். மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவமழை அந்த மலையை நேராக வந்து அறையும். அப்போதும் ஏறுகிறவர்கள் உண்டு. விளக்கு இல்லை, கடை இல்லை, காற்றும் மழையும் அட்டைக்கடியும்தான் துணை. முதல் முறை போகிறவர்கள் அந்த வீரத்தைக் காட்ட வேண்டாம்.

சீசனுக்குள்ளும் பௌர்ணமி நாளையும் சனி ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். நான் முதல் முறை போனது ஒரு பௌர்ணமிக்கு. உச்சிக்குக் கொஞ்சம் கீழே வரிசை அப்படியே நின்றுவிட்டது. ஒரு படி, பத்து நிமிடம் நிற்பு, இன்னொரு படி. வியர்வை உடம்பிலேயே குளிர்ந்து பல் கிட்டித்தது. சூரியன் உதித்ததை எனக்கு முன்னால் நின்றவரின் முதுகுப்பையில் விழுந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஜனவரி, பிப்ரவரியில் ஒரு செவ்வாய், புதன் பாருங்கள். தை, மாசியில் வானமும் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சேலத்திலிருந்து எப்படிப் போவது?

நாமக்கல் வழியாகத் திருச்சிக்கு மூன்று மணி நேரப் பஸ் பயணம். திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் இறக்கிவிடும். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து மலைநாட்டு ரயில் ஏறி ஹட்டனில் இறங்க வேண்டும். ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் சன்னலோரம் கிடைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். சீசனில் அடிக்கடி ஓடும். கனமழை பெய்தால் மண் சரிந்து ரயில் பாதை அடைபடுவது உண்டு. கொழும்பிலிருந்து ஹட்டனுக்குப் பஸ்ஸும் இருப்பதால் பயந்துவிட வேண்டாம்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் விட ஆரம்பித்தார்கள். கடல் வழியாகப் போக ஆசைப்படுகிறவர்கள் கேட்கிறார்கள். கப்பல் இறக்கிவிடுவது யாழ்ப்பாணத்துப் பக்கம்; அங்கிருந்து ஹட்டன் ஒரு நாள் பயணம். வடகிழக்குப் பருவமழையில் கப்பலை நிறுத்தியும் விடுவார்கள். பத்து நாள் விடுமுறை இருக்கிறவர்களுக்குச் சரி.

விசா விதிகள் அடிக்கடி மாறுகின்றன. டிக்கெட் எடுப்பதற்கு முன் இலங்கைக் குடிவரவுத் துறையின் இணையதளத்தை நீங்களே பாருங்கள். போன வருடம் போய்வந்த மச்சான் சொன்னதை நம்பி விமான நிலையத்தில் போய் நிற்காதீர்கள்.

வேறு வழிகளும் இருக்கின்றனவாமே?

இருக்கின்றன. இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தலையிலிருந்து ஒன்று, குருவிட்டப் பக்கம் எரத்தனையிலிருந்து ஒன்று. இரண்டும் தூரத்தில் கிட்டத்தட்ட இரு மடங்கு, தொடங்கும் இடமும் மிகத் தாழ்வு. நடக்கத் தெரிந்தவர்கள் எரத்தனை வழியில் ஏறி நல்லதண்ணியில் இறங்குவார்கள். உங்களுக்கு அது இரண்டாவது முறைக்கு.

பழைய யாத்திரை வழி இரத்தினபுரிப் பக்கம்தான். 1344இல் மொராக்கோ நாட்டுப் பயணி இபின் பதூதா இந்த மலையில் ஏறி, பாறையில் பதித்திருந்த இரும்புச் சங்கிலிகளைப் பிடித்துக்கொண்டு போனதை எழுதிவைத்திருக்கிறார். அவருக்கும் முன்பே, பதினோராம் நூற்றாண்டில், முதலாம் விஜயபாகு மன்னன் யாத்திரிகர்களுக்குச் சோறு போட ஊர்களை மானியமாக விட்டிருக்கிறான். பொலன்னறுவையிலிருந்து சோழர்களை விரட்டினானே, அதே விஜயபாகுதான். நமக்கு எதிரி. இருந்தாலும் மலையேறுகிறவனுக்குப் பசிக்கும் என்று தெரிந்திருக்கிறது.

எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

சூரியன் உதிப்பது ஆறேகால், ஆறரை வாக்கில். சராசரி ஆளுக்கு ஏற நான்கு மணி நேரம். ஆகவே பின்னிரவு ஒன்றரை மணி. வேகமாக நடக்கிறவர்கள் மூன்று மணி நேரத்தில் போய்விடுவார்கள். போய், ஈரச் சட்டையோடு இரண்டு மணி நேரம் காற்றில் நிற்பார்கள். உச்சியில் ஒதுங்க இடம் குறைவு. சீக்கிரம் போய்ச்சேர்வதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது.

இங்கே என்ன பயிற்சி எடுத்தீர்கள்?

முதல் முறை, ஒன்றும் இல்லை. காலையில் காந்தி மைதானத்தைச் சுற்றி நடப்பதே போதும் என்று நினைத்துப் போய், பட்டேன். இரண்டாவது முறைக்கு எட்டு வாரம் ஒதுக்கினேன்.

வாரத்தில் இரண்டு நாள் படி. ஊத்துமலையிலும் குமரகிரியிலும் படி இருக்கிறது. சாமி கும்பிடுகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் விடியற்காலையில் ஏறி இறங்கி, ஏறி இறங்கிச் செய்யலாம். ஊத்துமலைப் பூக்காரம்மா நான்காவது சுற்றில் என்னை நிறுத்தி, அப்படி என்ன வேண்டுதல் என்று கேட்டார். முழங்கால் நல்லபடியாக இருக்க வேண்டும் என்றேன். பிள்ளையாருக்கும் ஒரு முழம் வாங்கிப் போடச் சொன்னார்.

மாதத்துக்கு ஒரு முறை கொல்லிமலை போய் ஆகாயகங்கை அருவிக்கு இறங்கி ஏறினேன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படி. அங்கே முதலில் இறக்கம், பிறகு ஏற்றம். களைத்த காலோடு ஏறுவது எப்படி இருக்கும் என்று அது கற்றுக்கொடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு. முதல் பஸ்ஸில் மேலே போய், அங்கிருந்து அடிவாரத்துக்கு நடந்தே இறங்கினேன். ஏறாமல் இறங்குகிறாயா என்று எல்லோரும் சிரித்தார்கள். காரணம் அடுத்த பதிலில்.

சேர்வராயன் மலையில் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதைகள் உண்டு. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் நுழைய வேண்டாம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு வந்த கட்டுப்பாடுகளை வெறும் காகித வேலை என்று நினைக்காதீர்கள். 2024 அக்டோபரிலிருந்து தமிழ்நாடு அரசே நாற்பது மலைப்பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு வைத்து, வழிகாட்டியோடு அனுப்புகிறது. காடுதான் வேண்டும் என்றால் அந்த வழியில் போங்கள். பயிற்சிக்குத் தார்ச்சாலையே போதும். வண்டி வரும் திசையைப் பார்த்தபடி ஓரமாக நடக்க வேண்டும், வளைவில் நின்று படம் எடுக்கக் கூடாது.

ஏறுவதுதானே கஷ்டம்? இறங்குவதற்கு எதற்குப் பயிற்சி?

இந்தப் பக்கத்தை எழுதியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான்.

கிணற்றில் வாளி இழுத்திருக்கிறீர்களா? நிறைந்த வாளியை மேலே இழுக்கும்போது கை சுருங்கி வேலை செய்கிறது. அதே நிறைந்த வாளியைக் கயிறு நழுவாமல் மெல்ல மெல்லக் கீழே இறக்கிப் பாருங்கள்; கை நீண்டுகொண்டே எடையைத் தாங்க வேண்டும். படி இறங்கும்போது தொடையின் முன்பக்கத் தசை செய்வது இந்த இரண்டாவது வேலை. நீண்டபடி சுமை தாங்குகிற தசையில் நுண்ணிய சேதம் அதிகமாக ஏற்படும். மூச்சு வாங்காது, நெஞ்சு படபடக்காது. அதனால் நாம் சிரமம் இல்லை என்று நினைத்துக் குதித்துக் குதித்து இறங்குவோம். வலி உடனே தெரியாது. மறுநாள் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும்.

ஐந்தாயிரம் படி என்றால் ஐந்தாயிரம் முறை முழு உடம்பின் எடையையும் ஒற்றைக் காலில் தாங்கி இறக்குகிறீர்கள். முதல் முறை போனபோது இரண்டாயிரம் படி தாண்டியதும் என் கால்கள் தாமாகவே நடுங்க ஆரம்பித்தன. நின்றால் தையல் மிஷின் மாதிரி அடித்துக்கொண்டது. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்களப் பாட்டி, எழுபது வயதுக்குக் குறையாது, வெறுங்காலோடு என்னைக் கடந்து போனவர், திரும்பி வந்து கையைப் பிடித்துப் பக்கவாட்டில் நிறுத்தினார். நேராக இறங்காமல் நண்டு மாதிரி ஒருக்களித்து இறங்கச் சொல்லிக் காட்டினார். அவர் பேசியது எனக்குப் புரியவில்லை, ஆனால் கால் புரிந்துகொண்டது.

நல்ல செய்தி என்னவென்றால், தசை இதை விரைவில் கற்றுக்கொள்கிறது. ஒரு முறை நன்றாக இறங்கி வலி கண்டுவிட்டால், அடுத்த சில வாரங்களுக்கு அதே வேலை அதே அளவு சேதத்தைச் செய்யாது. அதற்குத்தான் ஏற்காட்டிலிருந்து இறங்கியது. முதல் ஞாயிறு ஐந்து வளைவு மட்டும் இறங்கிப் பஸ் பிடித்தேன். அடுத்து பத்து. ஐந்தாவது வாரம் இருபதும். பயணத்துக்குப் பத்து நாள் முன்பு கடைசி இறக்கத்தை முடித்துக்கொண்டு காலுக்கு ஓய்வு கொடுத்தேன். இரண்டாவது முறை இறங்கியபோது அந்த நடுக்கம் வரவே இல்லை.

இறங்கும்போது முழங்காலைப் பூட்டாமல் லேசாக மடக்கி வையுங்கள். சின்ன அடி. கையில் ஒரு கோல். வெள்ளியங்கிரி போய்வந்தவர்களுக்குக் கோலின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தில் கைப்பையில் கோல் வைத்தால் பிடுங்கிக்கொள்வார்கள். பெரிய பெட்டியில் போடுங்கள், இல்லையென்றால் அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள்.

என்ன எடுத்துப்போக வேண்டும்?

குறைவாக. பழகிய செருப்போ ஷூவோ; புதிது வேண்டவே வேண்டாம். கால் பெருவிரல் நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நான் வெட்டவில்லை, ஆயிரக்கணக்கான படிகளில் ஷூவின் முனையில் இடித்து இடித்து நகம் கறுத்து, சித்திரைக்குள் விழுந்துவிட்டது. இரண்டு சட்டை: ஏறும்போது மெல்லியது ஒன்று, உச்சிக்குச் சற்றுக் கீழே மாற்றிக்கொள்ள உலர்ந்தது ஒன்று. அதன்மேல் காற்றைத் தடுக்கும் மேல்சட்டை. கம்பளித் தொப்பி. கையுறையை யாரும் நினைப்பதில்லை. கைப்பிடிக் கம்பி பனியில் நனைந்து, தொட்டால் விரல் விறைக்கிற மாதிரி இருக்கும். உச்சியில் செருப்பைக் கழற்ற வேண்டும் என்பதால் தடித்த காலுறையும் வேண்டும். விளக்கு இருக்கிறது என்று நம்பாமல் தலையில் மாட்டும் டார்ச் ஒன்று. இலங்கை ரூபாய் சில்லறையாக.

பாலித்தீன் பையையும் பிஸ்கட் உறையையும் மலையில் விட்டுவிட்டு வராதீர்கள். சுற்றிலும் இருப்பது பாதுகாக்கப்பட்ட காடு. 2010இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இலங்கை மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி.

மேலே குளிர் எப்படி? மூச்சுத் திணறுமா?

குளிர் ஏற்காட்டு மார்கழியை விடக் கடுமை. விடியலுக்கு முன் பத்து டிகிரிக்கும் கீழே போகும், கூடவே காற்று. சேர்வராயன் கோயில் இருக்கும் உச்சியை விட அறுநூறு மீட்டருக்கு மேல் உயரம், மறைக்க ஒன்றும் இல்லாத கூம்பு. உயரத்தால் வருகிற மலைநோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தொல்லை தரும், அதனால் அந்தக் கவலை வேண்டாம். மூச்சு வாங்கினால் வேகமாக ஏறுகிறீர்கள் என்று அர்த்தம். பக்கத்தில் வருகிறவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுப் போங்கள். நெஞ்சை அழுத்தினால் அங்கேயே உட்காருங்கள், உச்சி எங்கும் போய்விடாது.

வழியில் சாப்பிடக் கிடைக்குமா?

சீசனில் பசி என்ற பேச்சே இல்லை. ரொட்டி, வடை, அவித்த கடலை. இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ. மலையகத்தில் தேத்தண்ணி என்பார்கள். சீனியைத் தனியாக உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, நக்கி நக்கிக் குடிக்கிறவர்களும் உண்டு. உயரம் கூடக்கூட விலையும் ஏறும். சிலிண்டரையும் மாவு மூட்டையையும் முதுகில் சுமந்து ஏறுகிறவரை இரவில் ஒரு முறை பார்த்துவிட்டால் பேரம் பேச மனம் வராது. கழிப்பறைகளும் வழியில் உண்டு. இரவுச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் அளவாக முடித்துக்கொண்டு நாலு மணி நேரமாவது படுங்கள்.

பெண்கள் ஏறலாமா? குழந்தைகள்?

தாராளமாக. வெள்ளியங்கிரியில் இருக்கிற மாதிரி வயதுக் கட்டுப்பாடு இங்கே கிடையாது. கைக்குழந்தையோடு ஏறுகிற தாய்மாரையும், இருபுறமும் பேரப்பிள்ளைகள் தாங்க ஏறுகிற மூதாட்டிகளையும் எல்லா முறையும் பார்த்தேன். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் நம்மை விட நன்றாகவே ஏறும். அதைவிடச் சின்னது என்றால் கடைசியில் உங்கள் தோளில்தான் வரும், பார்த்துக்கொள்ளுங்கள்.

மொழி தெரியாதே, சமாளிக்க முடியுமா?

ஹட்டனில் இறங்கியதும் இந்தக் கேள்வியே மறந்துபோகும். பஸ் நடத்துநர் தமிழ், பெட்டிக்கடை தமிழ், நல்லதண்ணி என்ற ஊர்ப்பெயரே தமிழ். மலையகத் தமிழர்கள் நம்மூர் ஆட்கள்தான். 1820களில் தொடங்கி வெள்ளைக்காரர்கள் அங்கே கோப்பித் தோட்டம் போட்டபோது சேலம், திருச்சி, தஞ்சாவூர், மதுரை மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் ஆள் பிடித்துக்கொண்டு போனார்கள். ஏறத்தாழ அதே காலத்தில்தான் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பிச் செடி நட்டார். 1869இல் இலைத்துரு நோய் வந்து இருபது வருடங்களுக்குள் இலங்கையின் கோப்பியை அழித்துவிட்டது. அங்கே தேயிலை வந்தது. சேர்வராயன் மலையில் காப்பி இன்னும் நிற்கிறது. ஒரே மாவட்டத்து மக்கள், ஒரு பாதிக்குக் காப்பி, மறு பாதிக்குத் தேயிலை.

என் அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, பிறந்தது மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில். தொழிலாளர்களின் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் கணக்கில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கியவர் அவர். மஸ்கெலியா போனால் பழைய டவுனில் எங்கள் கோயிலைப் பார்த்துவிட்டு வா என்று சொல்லி அனுப்பினார். பழைய டவுன் இல்லை. மவுசாகலை அணை கட்டியபோது அது நீருக்குள் போய், மேலே புது ஊர் எழுந்தது. கோடையில் நீர் மட்டம் இறங்கும்போது கோயிலின் இடிபாடு வெளியே தெரியும். இரண்டாவது முறை போனபோது ஏப்ரல். பஸ் சன்னலிலிருந்து பார்த்தேன், சேற்று நிறத்தில் சுவரும் தூணும் நின்றன. பக்கத்து இருக்கைக்காரர், நான் கேட்காமலே, அது கோயில் என்றார். பிறகு எந்த ஊர் என்று கேட்டார். சேலம் என்றதும், எங்கள் தாத்தாவும் சேலம் ஜில்லாதான் என்று சொல்லிவிட்டு, ஊர்ப்பெயர் மட்டும் நினைவில்லை என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டே வந்தார்.

அங்குள்ள வழக்கங்கள் ஏதாவது தெரிந்துகொள்ள வேண்டுமா?

சீதகங்குல என்ற ஓடையில் கைகால் முகம் கழுவிவிட்டு ஏறுவார்கள். நீர் பனிக்கட்டி மாதிரி இருக்கும். இந்திகட்டுபான என்ற இடத்தில் புத்தர் தம் ஆடையைத் தைக்க நின்றார் என்று ஐதீகம். முதல் முறை ஏறுகிறவர்கள் ஊசியில் கோத்த நூலை அங்கிருந்து இழுத்துக்கொண்டே போவார்கள். வழியோரம் முழுக்க வெள்ளை நூல் சிலந்தி வலை மாதிரி கிடக்கும். யாத்திரைக்கு வருகிறவர்களில் பலர் வெள்ளை உடை. நாம் கட்டாயம் உடுத்த வேண்டியதில்லை, ஆனால் அரைக்கால் சட்டையோடு கோயிலுக்குள் போக வேண்டாம். உச்சியில் பாதத்தின் இயற்கைப் பாறை மூடித்தான் இருக்கும், படம் எடுக்கக் கூடாது.

மேலே ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது முறை ஏறுகிறீர்களோ அத்தனை முறை அடிக்க வேண்டும். இதை அம்மாயியிடம் சொன்னபோது, ஐந்து வயதில் அவருடைய அப்பாவின் தோளில் ஏறிப் போனது கணக்கில் வருமா என்று கேட்டார். வீட்டில் இன்றுவரை இதில் இரண்டு கட்சி.

முக்கோண நிழல் என்கிறார்களே, அது என்ன?

சூரியன் எழுந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் மேற்குப் பக்கம் போய்விடுங்கள். மலையின் நிழல் கீழே மேகத்தின்மேல் கூர்மையான முக்கோணமாக விழுந்து கிடக்கும். சில நிமிடங்கள்தான், சூரியன் ஏற ஏற அது காலடியை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். மலை கூம்பாக இருப்பதால் நிழலும் கூம்பு என்று நினைப்போம். அது காரணம் இல்லை. சேலம் ஜங்ஷன் நடைமேடையில் நின்று தண்டவாளத்தைப் பார்த்தால் தூரத்தில் இரண்டும் ஒன்றாகச் சேர்கிற மாதிரி தெரிகிறதல்லவா? நீண்ட நிழலின் இரு ஓரங்களும் அப்படித்தான் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்கின்றன. மொட்டைத் தலை மலையின் உச்சியில் நின்றாலும் காலை நிழல் முக்கோணமாகவே தெரியும். மூன்று முறை ஏறியதில் எனக்கு ஒரு முறைதான் கிடைத்தது. மற்ற இரண்டில் ஒன்று முதுகுப்பை, இன்னொன்று மூடுபனி.

மழை வந்துவிட்டால்?

தூறல் என்றால் மேல்சட்டை போட்டு மெல்ல ஏறுங்கள். இடி மின்னல் என்றால் கடையில் ஒதுங்கி உட்காருங்கள். மேலே போகப்போக இரும்புக் கம்பியும் வெட்டவெளியும்தான். நனைந்த படியில் இறங்கும் வேகத்தைப் பாதியாக்குங்கள்.

திரும்பி வந்த மறுநாளே வேலைக்குப் போகலாமா?

உட்கார்ந்து செய்கிற வேலை என்றால் போகலாம், எழுந்திருக்க வேண்டாம் என்றால். முதல் முறை வந்தபிறகு மூன்று நாள் வீட்டு மாடிப்படியைப் பின்னோக்கித்தான் இறங்கினேன். பட்டறையில் சம்மணம் போட முடியாமல் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பையன்கள் வாய்க்குள் சிரித்தார்கள். இறங்கிய அன்றே ஹட்டனிலிருந்து நெடும்பயணம் வைக்காமல் ஒரு இரவு தங்கிவிடுங்கள். மாலையில் ஊருக்குள் கால் மணி நேரம் மெதுவாக நடந்தால் மறுநாள் விறைப்பு குறையும். ஊருக்குத் திரும்ப ரயிலில் பதிவு செய்கிறவர்கள் கீழ் பெர்த் கேளுங்கள். மேல் பெர்த்தில் ஏறிவிடலாம். இறங்குவதற்குத்தான் யாரையாவது எழுப்ப வேண்டியிருக்கும்.